தூய கண்ணாடி, தெளிந்த கணக்கு

பெங்களூருவின் வெளிவட்டச் சாலையில் காலை நேரத்தில் பயணம் செய்வோர், கண்ணாடி போர்த்திய அலுவலகக் கட்டடங்களின் மீது வெயில் பட்டுச் சிதறுவதைக் காணாமல் இருக்க இயலாது. அங்கிருந்து வைட்ஃபீல்டு பக்கம் திரும்பினாலும் சர்ஜாபூர் சாலைப் பக்கம் திரும்பினாலும் பல மாடிக் குடியிருப்புகளே கண்ணில் படுகின்றன. வீட்டுக்கு வீடு அகன்ற ஸ்லைடிங் ஜன்னல்கள் உள்ளன. பால்கனிக்கும் கண்ணாடித் தடுப்பு உண்டு. இவ்வளவு கண்ணாடியையும் யாரோ ஒருவர் துடைத்தாக வேண்டும். அந்த வேலையையே தொழிலாகக் கொண்ட நமது வாடிக்கையாளர் ஒருவரின் அனுபவத்தை இங்கே பகிர்ந்துகொள்கிறோம். அவருடைய பெயரையும் அடையாளத்தையும் தவிர்த்துள்ளோம்.

அவர் நமது கிளைக்கு முதன்முதலாக வந்தது 2024 ஜனவரியில். கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்தவர். துப்புரவு ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் எட்டு ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்துவிட்டு, இரண்டு தொழிலாளர்களுடன் ஜன்னல் துப்புரவுத் தொழிலைத் தனியே தொடங்கியிருந்தார். கணக்கெழுதும் பொறுப்பு அவருடைய மனைவியுடையது. இருவரும் சேர்ந்து 3 இலட்சம் ரூபாய்க் கடன் கேட்டு வந்தனர். அதில் பாதிக்கு மேல் விளம்பரத்துக்கு என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தது.

அதற்கு முன்பே அவர் 2,000 துண்டறிக்கைகள் அச்சிட்டு, நாளிதழ்களுக்குள் வைத்து விநியோகித்திருந்தார். எத்தனை பேர் அழைத்தனர் என்று வினவினோம்.

"பதினோரு பேர் சார். அதில் ஒன்பது பேர் 'ஒரு ஜன்னலுக்கு என்ன ரேட்?' என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள்" என்றார்.

"மற்ற இருவர்?"

"ஒருவர் வரச் சொன்னார். இன்னொருவர் அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார்."

விளம்பரச் செலவு முழுவதும் வீண் என்று சொல்வது நமது நோக்கமன்று. ஆயினும், 2,000 தாள்களுக்கு ஒரே ஒரு வேலை கிடைத்த வழியில் இன்னும் ஒன்றரை இலட்சம் ரூபாயை, அதுவும் கடன் வாங்கிச் செலவிடலாமா என்னும் கேள்வி எழுந்தது. விண்ணப்பத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அவருடைய கணக்கின் ஆறு மாத அறிக்கையை அச்சிட்டு மேசைமீது விரித்தோம்.

கணக்கு காட்டிய வழி

யு.பி.ஐ. வாயிலாக வந்த வரவுகள் மொத்தம் 71. ஒவ்வொரு வரவுக்கும் எதிரே, அந்த வாடிக்கையாளர் எந்தக் குடியிருப்பைச் சேர்ந்தவர் என்று எழுதித் தருமாறு அவருடைய மனைவியிடம் கேட்டுக்கொண்டோம். அரை மணி நேரத்தில் அந்த அம்மையார் எழுதி முடித்தார். 71 வரவுகளில் 38 ஒரே குடியிருப்பு வளாகத்திலிருந்து வந்தவை! எஞ்சியவை நகரின் பதினாறு மூலைகளில் சிதறிக் கிடந்தன.

அந்த வளாகத்துக்கு அவர் துண்டறிக்கை எதையும் கொடுத்ததில்லை. வீடு காலி செய்யும் ஒருவர், முன்பணத்தில் உரிமையாளர் பிடித்தம் செய்துவிடக் கூடாதே என்று ஜன்னல்களைத் துடைக்க அழைத்திருக்கிறார். எதிர்வீட்டு அம்மையார் அதைப் பார்த்துத் தம் வீட்டுக்கும் அழைத்தார். அவர் மூலம் கீழ்த்தளத்தார் அழைத்தனர். இவ்வாறு ஒரு வீட்டின் வேலை அடுத்த வீட்டுக்கு வழி திறந்தது.

இதில் அடங்கியுள்ள இலாபத்தை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். கீழ்வரும் தொகைகள் கணக்குக்காக மட்டுமே. இரண்டு தொழிலாளர் கூலி 1,600 ரூபாய், சோப்பு முதலிய பொருள்களும் போக்குவரத்தும் 300 ரூபாய், காப்பீடும் கருவித் தேய்மானமும் 200 ரூபாய் என ஒரு நாளின் செலவு 2,100 ரூபாய் என்று கொள்வோம். நகரின் இரு வேறு மூலைகளில் இரண்டு வீடுகளுக்கு மட்டும் செல்ல முடிந்த நாளில், வீட்டுக்கு 1,200 ரூபாய் வாங்கினால் வரவு 2,400 ரூபாய். மிச்சம் 300 ரூபாய். ஒரே வளாகத்தில் நான்கு வீடுகளை முடிக்கும் நாளில், வீட்டுக்கு 1,000 ரூபாய் மட்டுமே வாங்கினாலும் வரவு 4,000 ரூபாய். மிச்சம் 1,900 ரூபாய். வாடிக்கையாளருக்கு 200 ரூபாய் குறைகிறது. தொழில்முனைவோருக்கு ஆறு மடங்குக்கு மேல் மிஞ்சுகிறது. போக்குவரத்து நெரிசலில் கழிந்த நேரம் வேலை நேரமாக மாறியதே இதற்குக் காரணம்.

ஆகவே, ஜன்னல் துப்புரவுத் தொழிலில் சந்தைப்படுத்தல் என்பது நகரெங்கும் பெயர் பரப்புவதன்று. அருகருகே உள்ள வீடுகளைச் சேர்ப்பதும், ஒருமுறை அழைத்தவர் மறுமுறையும் அழைக்கும்படி நடந்துகொள்வதுமே அதன் சாரம். விளம்பரத்துக்கான தொகையை விண்ணப்பத்திலிருந்து அவரே நீக்கினார். நீளும் கம்புகள், வைப்பர்கள், பாதுகாப்புப் பட்டைகள், இரு சக்கர வாகனத்தில் பொருத்தும் பெட்டி ஆகியவற்றுக்காக 90,000 ரூபாய் முத்ரா கடன் வழங்கப்பட்டது.

நம்பிக்கையே முதல் விளம்பரம்

துப்புரவுப் பணியாளரை வீட்டுக்குள் அனுமதிப்பது எளிய செயலன்று. முன்பின் அறியாதவர் படுக்கையறை ஜன்னல் வரை வருகிறார். எனவே விலையைக் கேட்பதற்கு முன்பே, 'இவரை உள்ளே விடலாமா?' என்னும் ஐயம் வாடிக்கையாளர் மனத்தில் எழுகிறது. இவ்வையத்தைத் தீர்ப்பவருக்கே வேலை கிடைக்கும்.

நமது வாடிக்கையாளர் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரை நேரில் சந்தித்தார். தொழிலாளர்களின் அடையாள அட்டைப் படிகளையும் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்றுகளையும் ஒரு கோப்பில் வைத்து அளித்தார். சங்க அலுவலகத்தின் கண்ணாடிக் கதவையும் இரண்டு ஜன்னல்களையும் கட்டணமின்றித் துடைத்துக் காட்டினார். செயலாளர் நாள்தோறும் அந்தக் கதவைத் திறந்து உள்ளே செல்பவர். அதைவிடச் சிறந்த துண்டறிக்கை வேறு என்ன இருக்க முடியும்?

இம்முறை இத்தொழிலுக்குப் புதியதன்று. ஜன்னல் துடைப்போர் இன்று உலகெங்கும் பயன்படுத்தும், ஒற்றை ரப்பர் பட்டை பொருத்திய இலேசான வைப்பருக்கு 1936இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர், இத்தாலியிலிருந்து குடியேறிய எட்டோரே ஸ்டெக்கோனே. அவரும் ஜன்னல் துடைக்கும் தொழிலாளியே. பெரிய விற்பனையாளர் ஒருவர் அக்கருவியை வாங்க மறுத்தபோது, ஜன்னல் துடைப்போர் கைகளில் அதை இலவசமாகக் கொடுத்துப் பயன்படுத்தச் செய்தார் என்றும், அவர்கள் கேட்கத் தொடங்கிய பின் விற்பனையாளரே தேடி வந்தார் என்றும் அத்தொழிலினர் கூறுவர்.

உண்மையை முன்கூட்டியே சொல்வதும் நம்பிக்கையின் பகுதி. பெங்களூருவின் பல குடியிருப்புகள் ஆழ்துளைக் கிணற்று நீரையும் டேங்கர் நீரையும் நம்பியுள்ளன. அந்நீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் மிகுதி. நீர்த்துளி காய்ந்த இடத்தில் வெண்கறை படிகிறது. புதிய கறையை நீர் கலந்த வினிகரால் நீக்கலாம். ஆண்டுக்கணக்கில் ஊறிய கறை கண்ணாடியையே அரித்துவிடுவதால் முற்றிலும் போகாது. வேலை கைக்கு வந்தால் போதும் என்று 'எல்லாம் போய்விடும்' எனச் சொல்பவர், மாலையில் வாடிக்கையாளருடன் வழக்காட நேரும். நமது வாடிக்கையாளர் ஒரு மூலையில் மட்டும் துடைத்துக் காட்டி, 'இவ்வளவுதான் போகும் அம்மா, சம்மதமா?' என்று கேட்ட பின்பே வேலையைத் தொடங்குகிறார். இதனால் சில வேலைகள் கைநழுவியதுண்டு. ஆனால் ஒருமுறைகூடக் கட்டணத்தைத் திருப்பித் தர நேர்ந்ததில்லை.

வேளை அறிந்து செய்தல்

2024 மார்ச்சில் பெங்களூருவில் குடிநீர்த் தட்டுப்பாடு கடுமையாயிற்று. வாகனங்களைக் கழுவுதல், தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுதல் முதலியவற்றுக்குக் குடிநீரைப் பயன்படுத்தக் குடிநீர் வழங்கல் வாரியம் தடை விதித்தது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். துப்புரவுத் தொழில் செய்வோர் பலர் அஞ்சிய வேளை அது. நமது வாடிக்கையாளரோ ஒரு சிறு வாளியைக் கையிலெடுத்துக்கொண்டு செயலாளரிடம் சென்றார். "ஒரு வீட்டுக்கு ஒரு வாளி தண்ணீர் போதும் சார். குழாயைத் திறந்து அடிக்கவே மாட்டோம்" என்று சொல்லி, செய்தும் காட்டினார். ஈரத் துணியால் சோப்பு நீரைத் தடவி, வைப்பரால் வழித்தெடுக்கும் முறைக்கு உண்மையிலேயே மிகக் குறைந்த நீர் போதும். அந்தக் கோடையில் அவருக்கு வேலை குறையவில்லை.

பண்டிகைக் காலமும் அவ்வாறே. யுகாதி, வரமகாலட்சுமி விரதம், தசரா, தீபாவளி ஆகியவற்றுக்கு முந்தைய வாரங்களில் ஊர் முழுவதும் வீடு துப்புரவு செய்யும். அப்போது புதியவர்களின் அழைப்பு தானே வரும். அத்தகைய வாரங்களில் பழைய வாடிக்கையாளருக்கு முதலிடம் ஒதுக்கி, மூன்று வாரங்களுக்கு முன்பே வாட்ஸ்அப்பில் ஒரு வரிச் செய்தி அனுப்புவது அவருடைய வழக்கம். கடைசியாக எந்நாளில் துடைத்தோம் என்பதை அவருடைய மனைவி ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருப்பதால் இது எளிதாகிறது.

கூகுள் வரைபடத்தில் தொழிலின் பெயரைப் பதிவு செய்வதற்கும் கட்டணமில்லை. வேலை முடிந்ததும் மதிப்புரை எழுதுமாறு வேண்டிக்கொள்ளலாம். வீட்டின் படத்தை வெளியிடுவதற்கு மட்டும் உரிமையாளரின் இசைவைத் தவறாமல் பெற வேண்டும்.

பெரிய கட்டடம் ஒன்று

2024 ஜூலையில் ஒரு நாள் அவர் மகிழ்ச்சியுடன் வந்தார். ஏழு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றின் வெளிக்கண்ணாடியை ஆண்டுக்கு நான்கு முறை துடைக்கும் ஒப்பந்தம் பேசப்படுகிறதாம். ஒரு முறைக்கே இலட்சத்தைத் தாண்டும் தொகை. நாமும் மகிழ்ந்தோம். கூடுதல் கடனுக்கான படிவத்தை எடுத்து வைத்ததோடு, இத்தகைய வாய்ப்பை நழுவவிட வேண்டாம் என்றும் ஊக்கப்படுத்தினோம்.

பத்து நாள்களில் அவர் மீண்டும் வந்தார். ஒப்பந்தத்தை ஏற்கவில்லை என்றார். நாம் வியப்படைந்தோம், சற்று ஏமாற்றமும் அடைந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை.

அவர் தம் மதிப்பீட்டுத் தாளை மேசைமீது வைத்தார். வேறொருவர் கால் பங்கு குறைத்துக் கேட்டிருப்பதால் அதே தொகைக்கு இறங்கி வரும்படி கட்டட நிர்வாகத்தார் சொல்லியிருந்தனர். கட்டணம் 90 நாள்களுக்குப் பின்னரே கிடைக்கும். தாளில் கூலி, பொருள்கள், கயிறு ஏறும் பயிற்சி பெற்ற தொழிலாளர், ஆளுக்கு இரண்டு கயிறு, பாதுகாப்புப் பட்டை, காப்பீடு, கீழே நின்று கண்காணிக்கும் ஓர் ஆள் என்று வரிசையாக எழுதியிருந்தது.

"இதில் எதை சார் வெட்டுவது?" என்று கேட்டார். "கூலியை வெட்டினால் ஆள் வரமாட்டான். சோப்பு விலை என் கையில் இல்லை. மிச்சம் இருப்பது இரண்டாவது கயிறும் கீழே நிற்கும் ஆளும்தான். பழைய கம்பெனியில் எட்டு வருஷம் நான் கீழே நின்றிருக்கிறேன். மேலே பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன்."

நாம் சிறிது நேரம் பேசவில்லை. உயரத்தில் தொங்கி வேலை செய்பவருக்கு ஒரு கயிறு வேலைக்கு, மற்றொன்று உயிருக்கு. இரண்டும் தனித்தனி இடங்களில் கட்டப்பட வேண்டும் என்பது அத்தொழிலின் அடிப்படை விதி. அத்தாளில் அந்த இரண்டாவது கயிறு ஒரு செலவு வரியாக இருந்தது. நாமோ கடைசி வரியில் இருந்த மொத்தத் தொகையை மட்டும் பார்த்திருந்தோம்.

அந்த முடிவுக்கு அவர் விலை கொடுத்தார். அவ்வொப்பந்தத்தை நம்பிச் சில வீட்டு வேலைகளைத் தள்ளிப் போட்டிருந்ததால், ஆகஸ்டு மாதத் தவணை பதினொரு நாள் தாமதமாயிற்று. தாமதத்துக்கான காரணத்தைக் கோப்பில் நாமே எழுதினோம். செப்டம்பரில் நிலுவையைத் தீர்த்தார். அன்று முதல் அவருடைய மதிப்பீட்டுத் தாள்களில் பாதுகாப்புச் செலவு தனித் தலைப்பில் இடம்பெறுகிறது. அதன் கீழே 'இத்தொகை குறைக்கத்தக்கதன்று' என்று ஒரு வரியும் அச்சாகிறது. அவ்வரியைக் கண்டு விலகியவர்கள் உண்டு. அவ்வரிக்காகவே அழைத்த மூன்று மாடி மருத்துவமனை ஒன்றும் உண்டு.

சிறுதொழில் முனைவோர் கவனத்துக்கு

இத்தகைய சேவைத் தொழிலில் ஈடுபட்டுள்ள நமது வாடிக்கையாளர்கள் சில விவரங்களை அறிந்திருத்தல் நலம்.

பதிவு: உத்யம் பதிவு 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. அரசின் இணையதளத்தில் இதற்குக் கட்டணம் ஏதுமில்லை. நிறுவனங்களுடன் ஒப்பந்தம் செய்வதற்கு முன்பே பதிவு செய்துகொள்வது முக்கியம்.

கட்டண நிலுவை: 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, குறு, சிறு நிறுவனங்களின் சேவையைப் பெற்றவர், எழுத்து மூலமான ஒப்பந்தம் இருப்பினும் 45 நாள்களுக்கு மேல் கட்டணத்தை நிறுத்தி வைத்தல் ஆகாது. தாமதித்தால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு விகிதத்தில் மாதக் கூட்டு வட்டி செலுத்த வேண்டும். '90 நாள்' என்று சொல்பவரிடம் இச்சட்டத்தைப் பணிவுடன் எடுத்துக்காட்டலாம்.

ஜி.எஸ்.டி.: சேவைத் தொழிலில் ஆண்டு விற்றுமுதல் 20 இலட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு கட்டாயம், சில சிறப்பு வகை மாநிலங்களில் இவ்வரம்பு 10 இலட்சம். ஜன்னல் துப்புரவுக்கு வரி 18 விழுக்காடு. ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற அலுவலகங்கள் பெரும்பாலும் இவ்வரியை உள்ளீட்டு வரியாக ஈடுசெய்துகொள்ள முடியும், வீட்டுக்காரருக்கு அவ்வசதியில்லை. வரம்புக்குள் இருப்பவர் விருப்பப் பதிவு செய்வதா என்பதைத் தம் வாடிக்கையாளர் யார் என்பதைப் பார்த்து முடிவு செய்யலாம்.

காப்பீடு: பிரதான் மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டணத்தில், 18 முதல் 70 வயது வரையுள்ள கணக்குதாரருக்கு 2 இலட்சம் ரூபாய் விபத்துக் காப்பு உண்டு. தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் சேமிப்புக் கணக்கு தொடங்கி இதில் சேர்க்கலாம். ஆனால் இது கயிற்றுக்கும் பட்டைக்கும் மாற்றாகாது.

கடன்: முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரை 'சிசு', அதற்கு மேல் 5 இலட்சம் வரை 'கிஷோர்', 10 இலட்சம் வரை 'தருண்' என்னும் பிரிவுகளில் ஈட்டுப் பிணையமின்றிக் கடன் வழங்கப்படுகிறது. தருண் கடனை முறையாகத் திருப்பிச் செலுத்தியவர்களுக்கு 20 இலட்சம் வரை 'தருண் பிளஸ்' உண்டு.

எச்சரிக்கை: தொழிலுக்காகக் கைப்பேசி எண்ணைப் பலரறிய வெளியிடும்போது மோசடிக்காரர்களும் அழைப்பர். இராணுவ அதிகாரி என்றோ பெரிய நிறுவன அலுவலர் என்றோ சொல்லிக்கொண்டு, முன்பணம் அனுப்புவதாகக் கூறி கியூ.ஆர். குறியீட்டை அனுப்புவர். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. இரகசிய எண்ணை இடவே தேவையில்லை. இடச் சொல்பவர் பணத்தை எடுப்பவரே.

இன்று அந்த வாடிக்கையாளரிடம் ஆறு தொழிலாளர்கள் பணிபுரிகின்றனர். வேலையின் பெரும்பகுதி நான்கு குடியிருப்பு வளாகங்களில், அனைத்தும் ஐந்து கிலோமீட்டர் சுற்றளவுக்குள். நகரில் அவருடைய பெயரை அறிந்தோர் மிகச் சிலரே. அந்த நான்கு வளாகங்களின் காவலர்கள் மட்டும் அவருடைய வண்டியைக் கண்டதும் கதவைத் திறந்துவிடுகின்றனர். சென்ற மாதம் கிளைக்கு வந்தபோது நமது மேலாளர் அறையின் கண்ணாடித் தடுப்பைச் சற்று உற்றுப் பார்த்தார். "அந்த மூலையில் கறை இருக்கிறது சார், ஊறிவிட்டது. முழுதும் போகாது" என்றார். அடுத்த சனிக்கிழமை அவரையே வரச் சொல்லியிருக்கிறோம்.

வாசகர்களாகிய நீங்களும் சிறுதொழில் நடத்துபவர் எனில், விளம்பரத்துக்கென ஒரு தொகையை ஒதுக்குவதற்கு முன் உங்கள் கணக்கின் ஆறு மாத அறிக்கையை எடுத்து, வரவு ஒவ்வொன்றும் எவ்விடத்திலிருந்து, எவர் மூலமாக வந்தது என்று எழுதிப் பாருங்கள். கடன் கோரிக் கிளைக்கு வரும்போது அந்தத் தாளையும் உடன் கொண்டு வாருங்கள். சேர்ந்து அமர்ந்து படிப்போம்.